ஏரிக்கரையில் வசந்தம்

நம் மலேசிய நாட்டில் வெயில் உண்டு, மழை உண்டு. வசந்த காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனாலும் பங்குனி மாதத்தில் ஓர் ஏரிக்கரையில் போய் நின்றால், எங்கோ தொலைவில் வசந்தம் பிறப்பதை நாம் இங்கிருந்தே அறியலாம். எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

பேராக் மாநிலத்தின் வடக்கே, கிரியான் மாவட்டத்தில் புக்கிட் மேரா ஏரி இருக்கிறது. இது இயற்கையாக அமைந்த ஏரி அன்று. கிரியான் நெல்வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதற்காக அணை கட்டி, 1906ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம். ரயில் பாதை இந்த ஏரியைக் கடந்து செல்கிறது. வடக்கே ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இத்தகைய நீர்த்தேக்கங்களின் கரையில் விடியற்காலையில் சற்று அமைதியாக நின்று பாருங்கள். கோரைப் புல்லுக்குள் செந்நாரை அசையாமல் நிற்கும். மீன்கொத்தி சட்டென்று நீரில் பாயும். உடும்பு கரையோரம் ஊர்ந்து போகும். இவை ஆண்டு முழுவதும் நம்மோடு வாழ்பவை.

வேறு சில விருந்தாளிகளும் உண்டு. வால் இரண்டாகப் பிளந்த சின்னஞ்சிறு குருவி, மாலையில் மின்கம்பிகளில் வரிசையாக உட்காருமே, அதன் பெயர் தகைவிலான். எடை சுமார் 20 கிராம்தான். பழுப்புக் கீச்சான் என்று இன்னொன்று உண்டு. வேலிக் கம்பத்தில் தனியாக அமர்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும். சீனா, சைபீரியா போன்ற வடதேசங்களில் குளிர் வந்து பூச்சிகள் மறையும்போது, இவை பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம்மிடம் வருகின்றன. தகைவிலான் இங்கேதான் பழைய இறகுகளை உதிர்த்துப் புது இறகு வளர்த்துக்கொள்கிறது.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவை திரும்புகின்றன. அங்கே பனி உருகி, பகல் நீண்டு, பூச்சிகள் பெருகும் காலம் அது. குஞ்சு வளர்க்க ஏற்ற காலம். நம் நாட்டிலோ பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. பிறகு எப்படி அவற்றுக்குத் தெரிகிறது? அவற்றின் உடலுக்குள்ளேயே ஆண்டுக் கணக்குக் காட்டும் ஒரு கடிகாரம் இருக்கிறது. பயணத்துக்கு முன்னர் நிறையத் தின்று, உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தக் கொழுப்புத்தான் வழிச்சோறு.

பெற்றோர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். இந்த மாதங்களில் ஒரு பையன் விளையாட்டாக லஸ்திக்கில் கல் வைத்து ஒரு குருவியை அடித்தால், விழுவது ஒரு குருவி மட்டுமா? தூர தேசத்தில் இந்த ஆண்டு ஒரு கூடு காலியாகிறது. பல பறவைகளுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவலாக இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது நம் வீட்டுப் பழக்கம். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வந்த உயிரை வாழவிட நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?

பிள்ளைகள் கையில் லஸ்திக்குக்குப் பதிலாக ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொடுங்கள். கம்பியில் கடைசியாகக் குருவியைக் கண்ட நாளை எழுதட்டும். ஆகஸ்டு, செப்டம்பரில் மறுபடி வரும் முதல் நாளையும் எழுதட்டும். ஏரிக்கரைக்கு மட்டும் அவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள்.