வால்வுக்குத்தானே ஆபரேஷன், ஆஞ்சியோ எதற்கு?

(இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற நம் குடியிருப்புவாசி ஒருவர், சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன மாதம் லிஃப்டில் நம் தம்பி ஒருத்தர் கேட்டார். "சிஸ்டர், அம்மாவுக்கு வால்வு லீக். ரிப்பேர் பண்ணணும்னு மதுரையில சொல்லிட்டாங்க. இப்ப ஆஞ்சியோ எடுக்கணுங்கறாங்க. அம்மாவுக்கு நெஞ்சு வலியே வந்ததில்ல. பில்லை ஏத்தத்தானே இது?"

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு லிஃப்டில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் இன்றைக்கு நேரம் கேட்டேன். நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

அதிகமாக ரிப்பேர் செய்யப்படுவது இதயத்தின் இடப்பக்கம் இருக்கிற மைட்ரல் வால்வு. அந்தக் கதவு சரியாகச் சாத்தாவிட்டால் ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். படியேறினால் மூச்சு வாங்கும், மல்லாந்து படுக்க முடியாது. சிலருக்குச் சின்ன வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் காரணம். வயதானவர்களுக்கு வால்வைப் பிடித்திருக்கும் கயிறுகள் தளர்ந்தோ அறுந்தோ போவதும் உண்டு. முடிந்தவரை இருக்கிற வால்வையே சரிசெய்யப் பார்ப்பார்கள். உலோக வால்வு வைத்தால் ஆயுசு முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அதற்கென்று ரத்தப் பரிசோதனை என்று ஓட வேண்டும். அதற்காக அதைக் குறைத்துச் சொல்லவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாத எத்தனையோ பேரை வாழ வைத்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரிப்பேரின்போது வால்வின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் வைத்துத் தைப்பார்கள். அந்த விளிம்புக்கு வெளியே, சில மில்லிமீட்டர் தள்ளி, இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கிற ஒரு குழாய் ஓடுகிறது. இடது கரோனரிக் குழாயிலிருந்து பிரிந்து இதயத்தின் பின்பக்கமாக வளைந்து போகிற கிளை அது. சர்க்கம்ஃப்ளெக்ஸ் என்பார்கள். தைக்கிற டாக்டர் வால்வை உள்ளே இருந்து பார்க்கிறார். குழாய் வெளியே கொழுப்புக்குள் புதைந்து கிடக்கிறது. அவர் கண்ணுக்கே தெரியாது.

போன வருஷம் நம் பிளாக்கில் அலமாரி மாட்ட டிரில் போட்டு, சுவருக்குள் இருந்த தண்ணீர்ப் பைப்பில் ஓட்டை விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கீழ் வீட்டுக்காரர் இன்னும் மறக்கவில்லை. பிளான் கையில் இருந்திருந்தால் நாலு விரல் தள்ளிப் போட்டிருப்போம்.

எல்லாருக்கும் பைப் ஒரே இடத்தில் ஓடுவதும் இல்லை. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த இடது கிளையே பெரிதாக நீண்டு, இதயத்தின் அடிப்பக்கத்துக்கும் ரத்தம் கொடுக்கும். அவர்களுக்கு அது வால்வு விளிம்பை இன்னும் ஒட்டியே போகும். நூற்றில் ஒருவர் போல, பிறவியிலேயே கரோனரிக் குழாய் வேறு இடத்தில் கிளம்புகிறவர்கள். அதில் ஒரு வகையில் சர்க்கம்ஃப்ளெக்ஸ் வலப்பக்கத்திலிருந்து கிளம்பி, மகாதமனிக்குப் பின்னால் சுற்றி இடப்பக்கம் வரும். சும்மா இருக்கிறவரை பெரும்பாலும் ஒரு தொந்தரவும் செய்யாது. அவருக்கே தெரியாமல் எண்பது வயது வரை இருந்துவிடுவார். வால்வில் ஊசி போடும்போதுதான் வம்பு. தையல் அந்தக் குழாயைப் பிடித்தாலோ, இழுத்து மடக்கினாலோ, ஆபரேஷன் மேஜையிலேயே மாரடைப்பு.

அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், விவசாயி. ஆஞ்சியோவில் குழாய் பின்னால் சுற்றி வருவது தெரிந்துவிட்டது. சர்ஜன் அந்தப் படத்தைத் தியேட்டரில் ஓடவிட்டு எங்கள் எல்லாருக்கும் காட்டினார். இறுக்கிப் பிடிக்காத அளவில் வளையத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்துத் தையல்களை மட்டும் மேலாக, ஒவ்வொன்றாக நிதானமாகப் போட்டார். மற்ற நாளைவிட ரொம்ப நேரம் ஆனது. ஹார்ட்-லங் மெஷினை நிறுத்தியதும் யாரும் பேசவில்லை. எல்லார் கண்ணும் ஈசிஜி திரையில். உணவுக்குழாய் வழியாக வைத்த எக்கோவில் பின்சுவர் நன்றாகத் துடித்தது. அப்புறம்தான் மூச்சு விட்டோம். துடிக்காமல் போயிருந்தால் தையலைப் பிரிக்க வேண்டும், இல்லை அங்கேயே பைபாஸ் செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம். ஆஞ்சியோகிராம் பிறந்ததே ஒரு வால்வு நோயாளியிடம்தான். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் டாக்டர் மேசன் சோன்ஸ், வால்வைப் பார்க்க மகாதமனிக்குள் மருந்து செலுத்தியபோது, டியூப் நழுவிக் கரோனரிக் குழாய்க்குள்ளேயே மருந்து போய்விட்டது. இளைஞர் ஒருவருக்கு. இதயம் சில நொடி நின்றது. இருமச் சொன்னார்கள், மறுபடி துடித்தது. அதுவரை குழாய்க்குள் நேராக மருந்து செலுத்தினால் ஆள் பிழைக்க மாட்டார் என்றே நினைத்திருந்தார்கள்.

இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகவே எடுக்கிறார்கள். நாற்பது தாண்டிய ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், சர்க்கரை, பிரஷர், புகைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் வால்வு ஆபரேஷனுக்கு முன் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். குழாய் போகிற வழியும் அதிலேயே தெரிந்துவிடும். இளம் வயதினருக்கு சி.டி. ஆஞ்சியோ போதும் என்று சொல்லலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சர்க்கரை மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏற்றுகிற மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். செலவு பயமென்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் வால்வு ஆபரேஷனுக்கு வழி உண்டு. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையிலும் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

எடுத்த பிறகு ரிப்போர்ட் தாளோடு சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டு ஆபரேஷனுக்கு வெறுங்கையோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "குழாய் வழக்கமான வழியில்தான் போகுதா, டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தத் தம்பியின் அம்மாவுக்கு வருகிற புதன்கிழமை ஆஞ்சியோ. துணைக்கு நானும் போகிறேன். அன்று காலை தண்ணீர் லாரி வந்தால் வேறு யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.