காற்றை வடிகட்ட இயலுமா?

(மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



தஞ்சைக் கரந்தையிலும் மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் ஜினாலயங்களைப் போற்றி, காவிரி பாயும் இந்நெல் வயல்களிடையே வாழ்ந்துவரும் மரபினர் நாம். நம் இல்லங்களில் இரண்டு வழக்கங்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. பொழுது சாயுமுன் உண்கிறோம்; நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுகிறோம். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்க்கும் நம்மால் துன்பம் நேரலாகாது என்பதே இவற்றின் நோக்கம். உணவையும் நீரையும் இவ்வாறு காத்துக்கொள்ளலாம். சுவாசிக்கும் காற்றை எத்துணியால் வடிகட்டுவது?

மாலையில் பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைப் பூங்காவுக்குப் பேரக்குழந்தையை அழைத்துச் செல்கிறோம் என்று கொள்வோம். பக்கத்து இருக்கையில் ஒருவர் சிகரெட்டைப் பற்றவைக்கிறார். திறந்தவெளியில் புகை கலைந்துவிடும் என்பார் அவர். கலையும், ஆயினும் கலையுமுன்பே அருகிலிருக்கும் குழந்தையின் மூச்சில் அது கலந்துவிடுகிறது. பிறர் விடும் புகையால் உலகில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் புகைபிடிக்காதவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தது. ஆனால் திறந்தவெளிக்கு விலக்களித்தது. 2008 அக்டோபர் 2 அன்று, காந்தியடிகள் பிறந்த நாளில் நடைமுறைக்கு வந்த விதிகள் அவ்விலக்கைச் சுருக்கின. திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம், இவை போன்று மக்கள் வந்து செல்லும் பிற இடங்கள் அவ்விலக்கில் அடங்கா என்றன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். ‘பூங்கா’ என்னும் சொல் மட்டும் அவ்வரிசையில் வெளிப்படையாக இடம்பெறவில்லை. சிங்கப்பூர் அரசோ, 2022 ஜூலை 1 முதல் பொதுப் பூங்காக்கள் அனைத்திலும் புகைபிடிப்பதைத் தெளிவாகத் தடை செய்துவிட்டது. நம் மாநகராட்சிப் பூங்காக்களின் வாயிலிலும் அத்தகைய அறிவிப்புப் பலகை வேண்டும் என்று கேட்பது நியாயமே.

ஆனால், கேட்பதற்கு முன் நம்மை நாமே நோக்க வேண்டும்.

புகையிலை நம் ஆசாரியர்கள் அறியாத பொருள். அமெரிக்கக் கண்டத்துச் செடியான அது, ஐரோப்பிய வணிகர் வந்த பின்னரே இந்நாட்டில் பரவியது. ஆகவே ஏழு வியசனங்களில் அதன் பெயர் இல்லை. “சாத்திரம் தடுக்கவில்லையே” என்று கேட்கும் இளைஞர்க்கு என் விடை இது: பெயரைச் சொல்லவில்லை, செயலைச் சொல்லியிருக்கிறது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றிப் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாதிருக்கும் அனர்த்ததண்ட விரதத்தை இல்லறத்தார்க்கு விதித்தார். பயனின்றி நெருப்பு மூட்டுவதும் காற்றைக் கலக்குவதும் அவ்விரதத்துக்குக் குற்றம். புகைபிடிப்பவர் ஒரே செயலில் இவ்விரண்டையும் செய்கிறார். அவர் எறியும் பஞ்சு முனையும் ஒருவகை நெகிழியே. மழைநீரோடு அது வாய்க்காலை அடைந்தால் மீனுக்கும் கேடு.

அதே விரதத்தில் இம்சாதானம் என்றொரு குற்றமும் கூறப்பட்டுள்ளது. கொலைக் கருவிகளைப் பிறர்க்கு அளிப்பது அது. வாளோடும் கோடரியோடும் நெருப்பையும் அவ்வரிசையில் வைத்தார் ஆசாரியர். நம்மவர் கடை எதிலேனும் சிகரெட்டும் பீடியும் விற்கப்படுமாயின், பற்றவைக்கக் கடைவாசலில் நெருப்பும் வைக்கப்பட்டிருக்குமாயின், அவ்வணிகர் இதைச் சிந்திக்க வேண்டும். விட்டால் வருவாய் குறையும், மறுக்கவில்லை. எனினும் ஒரு கையால் நீரை வடிகட்டி, மறுகையால் புகையை விற்பது எவ்விதம் பொருந்தும்?

இறுதியாக ஒன்று. புகைபிடிப்பவர் நம் பகைவர் அல்லர். நாள் முழுதும் நாற்று நட்டோ மூட்டை சுமந்தோ களைத்தவர்க்கு ஒரு பீடியே ஓய்வாகத் தோன்றலாம். நிகோடின் அவரைப் பிணித்திருக்கிறது. அவர் நிலையிலிருந்தும் நோக்குவதே அநேகாந்தம். கடுஞ்சொல்லும் இம்சையே, ஆதலின் “ஐயா, குழந்தை இருக்கிறது” என்று இன்சொல்லால் வேண்டுவோம். விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்னும் அரசின் கட்டணமில்லா ஆலோசனை எண்ணை எழுதிக் கொடுப்போம். பூங்கா வாயிலில் பலகை வைப்பது மாநகராட்சியின் கடமை. நம் வீட்டு வாயிலிலும் கடை வாயிலிலும் அவ்விரதத்தை இன்றே தொடங்குவது நம் கடமை.

வாழ்க ஜினதர்மம்! வளர்க அகிம்சை!