பிடிலின் வயது

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறு ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அப்போது நான் சங்கரன்கோவிலில் இளம் ஆசிரியன். மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் பிடிலைப் பள்ளி ஆண்டுவிழாவிற்குக் கொண்டுவந்திருந்தான். நெசவுத் தொழில் செய்த அந்தப் பெரியவர் பஜனைமடத்தில் வாசித்தவர். பிடிலின் மேற்பலகையிலுள்ள வளைந்த துளையின் வழியே உள்ளே நோக்கினேன். அங்கு ஒட்டியிருந்த தாளில் 'அந்தோனியஸ் ஸ்திராடிவாரியஸ்' என்ற பெயரும் 1721 என்ற ஆண்டும் தெரிந்தன. இஃது இத்தாலியின் கிரெமோனா நகரத்துப் பெருங்கலைஞரின் கைவேலை என்று, வகுப்பு முழுதும் கேட்க உரக்கச் சொல்லிவிட்டேன்.

சென்ற ஆண்டு அவன் மறுபடியும் என் வீடு தேடி வந்தான். தலை நரைத்திருந்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்தவேண்டும். பிடிலை விற்கப்போவதாகச் சொன்னான். அதே கலைஞர் 1721இல் செய்த 'லேடி பிளண்ட்' என்னும் வயலின், 2011ஆம் ஆண்டு 1 கோடியே 59 லட்சம் டாலருக்கு ஏலம்போன செய்தியை யாரோ அவனுக்குக் காட்டியிருக்கிறார்கள். "ஐயா, அன்றைக்கு நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றான். எனக்கு நா எழவில்லை.

ஸ்திராடிவாரி 1737இல் மறைந்தார். அவருடைய கருவிகளுள் இன்று எஞ்சியிருப்பவை சுமார் 650. அவர் பெயர்த்தாளைச் சுமந்திருக்கும் பிடில்களோ ஆயிரமாயிரம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் ஜெர்மனியின் மார்க்நியூகிர்ச்சன், பிரான்சின் மிர்கூர், பொஹீமியச் சிற்றூர்கள் ஆகியவற்றில் மலிவு விலைப் பிடில்களைச் செய்து குவித்தார்கள். கழுத்து ஒரு வீட்டில், உடல் ஒரு வீட்டில் என்று வேலை நடக்கும். பாவு ஓட்டுபவர் ஒருவர், நெய்பவர் ஒருவர் என்று நம் ஊரில் நடப்பது போலத்தான். இன்ன கலைஞரின் மாதிரியைப் பார்த்துச் செய்தது என்று குறிக்கவே அந்தப் பெயரை ஒட்டினார்கள். வாங்கியவருக்கும் அது தெரியும். பேரப்பிள்ளைகளுக்குத்தான் தெரியாமற் போயிற்று.

இத்தகைய பிடில் நம் வீடுகளுக்குள் வந்த வரலாறும் சுவையானதே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றார். பின்னர் நமக்குக் கிழக்கே, கோவில்பட்டிக்கு அப்பாலுள்ள எட்டயபுரத்தில் சமஸ்தான வித்துவானாக விளங்கினார்.

இனி, வயதைக் கண்ட விதத்தைச் சொல்கிறேன். பல் மருத்துவர் வாயினுள் வைத்துப் பார்க்கும் சிறு கண்ணாடியை இரவல் வாங்கி, கைவிளக்கின் துணையோடு அந்தத் தாளை ஆராய்ந்தேன். அன்று தூசி மறைத்திருந்த கீழ்வரி இப்போது தெரிந்தது: 'மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா'. 1890இல் அமெரிக்கா இயற்றிய சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் பிறப்பிட நாட்டின் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்றது. அதன்பின் இத்தகைய வரிகள் பெருகின. செக்கோஸ்லோவாக்கியாவோ 1918 அக்டோபரில் பிறந்து, 1992 டிசம்பரோடு மறைந்த நாடு. 1737இல் இறந்தவர் அந்த நாட்டின் பெயரை எவ்வாறு அறிவார்?

தாளை மாற்றி ஒட்டுவோரும் உண்டு. ஆகவே மரத்தையும் பார்த்தேன். உயர்ந்த கருவியின் விளிம்பில் பள்ளம் வெட்டி மெல்லிய மரக்கீற்றுகளைப் பதித்திருப்பார்கள். இதில் கோடு மையால் வரையப்பட்டிருந்தது. அறிஞர்கள் மரத்தின் ஆண்டுவளையங்களையும் எண்ணுகிறார்கள். ஆக்ஸ்போர்டில் உள்ள, 1716ஆம் ஆண்டினது எனப்படும் 'மெசையா' வயலினின் மேற்பலகையில் கடைசி வளையம் 1680களில் விளைந்தது என்று அவ்வாறே கண்டார்கள். வளையம் சொல்வது கீழெல்லையை மட்டுமே. மரம் அதற்கு முன் வெட்டப்பட்டிருக்க முடியாது.

எனக்கு மேலெல்லையும் தேவைப்பட்டது. அதை ஒரு நிழற்படம் தந்தது. பாட்டனார் பிடிலோடு நிற்கும் அப்படத்தின் அட்டையில் 1936 என்று எழுதியிருந்தது. எனவே 1918க்கும் 1936க்கும் இடைப்பட்ட கருவி அது. இவ்வழி எல்லாக் கருவிக்கும் பொருந்தும். யுகலேலி என்னும் ஹவாய்க் கருவி, 1879இல் ரேவன்ஸ்கிராக் கப்பலில் மதேராவிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் கொணர்ந்த சிறு நரம்புக் கருவியிலிருந்து உருவானது. 'என் யுகலேலி 1850ஆம் ஆண்டினது' என்பவரிடம் மரத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

உண்மையை என் மாணவனிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. தரகர் ஒருவர் அவனுக்கு வேறு வழி காட்டியிருந்தார்: அந்தக் கீழ்வரியைச் சுரண்டிவிட்டால் போதும், வெளிநாட்டிலேயே விற்றுவிடலாம் என்று. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தரவில்லை என்பதைத் தரகர் சொல்லவில்லை போலும். "நீ விரும்பியபடி செய், தம்பி, ஆனால் என் கையால் 1721 என்று இனி எழுத மாட்டேன்" என்றேன். பேசாமல் போய்விட்டான். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

மறுநாள் காலையில் வந்து, "சுரண்டவில்லை, ஐயா. நீங்கள் கண்டதை எழுதித் தாருங்கள்" என்றான். எழுதிக் கொடுத்தேன். திருநெல்வேலியில் பிடில் பயிலும் ஒரு சிறுமியின் தந்தை அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு 18,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். கட்டணத்திற்கு அது போதவில்லை. குறைந்த தொகையில் ஒரு பங்கை நான் கொடுத்தேன். அதைக் கடனாகத்தான் வாங்கியிருப்பதாக அவன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.