நம்ம கரையும் மூழ்கியது, அக்கரைக்கும் கப்பல் போனது

(சிதம்பரம் ஐ.டி. விங் கூட்டத்தில் பேசியது)



2004 டிசம்பர் 26. தேவனாம்பட்டினம், எம்.ஜி.ஆர். திட்டு... நம்ம கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. அதே நாள்லயே இந்தியக் கடற்படை அக்கரைக்கும் கிளம்பியது. இலங்கைக்கு 'ஆபரேஷன் ரெயின்போ', மாலத்தீவுக்கு 'காஸ்டர்', பிறகு இந்தோனேசியாவுக்கு 'கம்பீர்'.

"இங்கயே பொணம் ஒதுங்குது, வெளிநாட்டுக்கு எதுக்கு?"ன்னு இன்னைக்கும் கேக்கறவங்க இருக்காங்க. கோபம் நியாயம்தான். ஆனா திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் செத்ததும் நம்ம சனம். நம்ம கரைக்கும் 'மதத்' என்ற பெயரில் படை வந்தது, அதை மறைச்சுப் பேசக்கூடாது.

இன்ஜினியரிங் படிச்சவன் என்கிறதால எனக்கு ஐ.என்.எஸ். நிருபக் மேல தனிப் பிரியம். கடலடி ஆழத்தை அளக்கும் சர்வே கப்பல் அது. அதையே மருத்துவமனையாக மாற்றி அச்சே மாகாணத்து மெலபோவுக்கு அனுப்பினாங்க. அங்க தேவைப்பட்டது பீரங்கி இல்ல. படுக்கை, டாக்டர், மருந்து. துறைமுகம் இடிபாட்டுல அடைஞ்சு கிடந்தா, பெரிய கப்பல் நுழைய வழி பார்த்துச் சொல்றதும் இந்த வகைக் கப்பல்தான்.

2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. அண்டை நாடுகளுக்கும் அங்கிருந்து தகவல் போகுது. சரி, கிள்ளைக்கும் முடசல் ஓடைக்கும் எத்தனை நிமிஷத்துல வருது? சைரன் வேலை செய்யுதா? புயல் பாதுகாப்பு மையத்துச் சாவி யார்கிட்ட இருக்கு?

கிளைப் பொறுப்பாளர்கள் இந்த வாரமே உங்க குப்பத்துல நேர்ல பார்த்து, போட்டோவோட அனுப்புங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனுவோட நிப்போம்.