நோய்க்காலத்தில் ஆய்வேடுகள் யாருக்குத் திறந்துள்ளன?



லிங்கி ஆற்றைக் கடந்தால் மலாக்கா முடிந்து போர்ட்டிக்சன் மாவட்டம் தொடங்குகிறது. அங்குள்ள சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரையே நிப்பா நச்சுயிரி தாங்கியுள்ளது. 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தலைகாட்டிய அந்நோயைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர். ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதும் சிறுவரைத் தாக்குவது. இங்கே வீழ்ந்தவர்களோ பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் உழைத்த ஆண்கள். மாதங்கள் கழிந்தன, நோயுற்ற பன்றிகள் மாநிலம் விட்டு மாநிலம் சென்றன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா காவ் பிங் புதிய நச்சுயிரியைப் பிரித்தெடுத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர்.

ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா நச்சுயிரியைப் பற்றிய ஆய்வு முன்பே இருந்ததால்தான் நிப்பாவின் இனத்தை விரைந்து அறிய முடிந்தது. குதிரை நோய் பற்றிய ஏடு பன்றிப் பண்ணைத் தொழிலாளிக்கு உதவும் என்று முன்கூட்டி யார் கண்டார்?

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை 1999 ஏப்ரலிலேயே நிப்பாச் செய்தியைக் கட்டணமின்றி வெளியிட்டது. விரிவான கட்டுரையோ 2000 மே மாதத்தில், சந்தா கட்டுவோர்க்குரிய 'சயன்ஸ்' இதழில் வந்தது. மாதிரி நம் நாட்டார் உடலிலிருந்து எடுக்கப்பட்டது. ஏட்டைப் படிக்க விலை நாம் கொடுப்பதா? இது நமக்கு முறையாகப் படவில்லை.

2020இல் நிலைமை மாறியிருந்தது. கொரோனா நச்சுயிரியின் மரபணு வரிசையைச் சாங் யோங்சென் குழுவினர் ஜனவரி 11 அன்று பொதுவில் வைத்தனர். அதைக் கொண்டு பல நாடுகள் சோதனை முறைகளை வகுத்தன. மலேசியாவில் முதல் நோயாளிகள் உறுதியானது ஜனவரி 25 அன்று. பெரும் பதிப்பகங்களும் கொரோனாக் கட்டுரைகளைத் திறந்துவிட்டன. ஆயினும் அது வெள்ளம் வந்தபின் திறந்த மதகு.

மலாக்காவின் பெயரைத் தாங்கிய நச்சுயிரியும் ஒன்று உண்டு. 2006இல் மலாக்காவில் காய்ச்சலும் மூச்சுத் தொல்லையும் கண்ட ஒருவரிடமிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு அவர் வீட்டுக்குள் ஒரு வௌவால் பறந்து வந்திருந்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் 2007இல் வந்த அக்கட்டுரையை இன்று எவரும் காசின்றிப் படிக்கலாம், ஆங்கிலம் தெரிந்தால். பழக்காலத்தில் ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் வௌவால்கள் இறங்குவதை நம் மாணவர் அறிவர். அவர்களுக்காக அதன் சுருக்கத்தையேனும் தமிழாக்க ஆசிரியர்கள் முன்வந்தால், கலைச்சொற்களைச் செப்பனிடும் பணியை நாம் ஏற்கிறோம்.