தண்ணீர் வரும், காலத்தில் வருமா?

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கோடையில் நம் நகரிலிருந்து சில குடும்பங்கள் லடாக் சுற்றுலா போகிறார்கள். ராணுவப் பணியில் நான் இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தவன் என்பதால், நாலு வார்த்தை பேசச் சொன்னார் செயலாளர்.

நம் தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. லே நகரம் சுமார் 3,500 மீட்டர். ஆகவே போய் இறங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். இரண்டு நாள் ஓய்வெடுங்கள். நமக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை. அங்கே பனியும் மழையும் சேர்ந்தே 100 மில்லிமீட்டர்தான். நெல் கிடையாது, பார்லியும் ஆப்ரிகாட் பழமும்தான்.

2019 அக்டோபர் 31 முதல் அது தனி யூனியன் பிரதேசம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2.74 லட்சம். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி மக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். லே பக்கம் பெரும்பாலும் பௌத்தர்கள். கார்கில் பக்கம் பெரும்பாலும் ஷியா முஸ்லிம்கள். சாங்தாங் மேட்டுநிலத்தில் பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பாக்கள்.

நூப்ரா போனால் ஹுந்தர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகம் பார்ப்பீர்கள். ஒரு காலத்தில் லேயிலிருந்து காரகோரம் கணவாய் வழியாக யார்க்கண்டுக்கு வணிகக் கூட்டங்கள் போய்வந்தன. எல்லை மூடியது, வணிகம் நின்றது, ஒட்டகங்கள் தங்கிவிட்டன. இன்னும் மேலே போனால் பால்டி மக்கள் வாழும் துர்துக். 1971 டிசம்பர் போருக்கு முன்பு அது பாகிஸ்தான் வசம் இருந்தது. போரில் கோடு நகர்ந்தது. அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தன. அங்கே படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

இனி தண்ணீர். லேயை ஒட்டி சிந்து நதி ஓடுகிறது. ஆனால் அது பள்ளத்தில் ஓடுவதால், பல கிராமங்களுக்கு மலையிலிருந்து உருகி வரும் பனி ஓடைதான் கதி. விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். உச்சிப் பனி நன்றாக உருகுவதோ ஜூனில். தண்ணீர் உண்டு, ஆனால் வேண்டிய நேரத்தில் இல்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா, குறுவைக்குத் தண்ணீர் கடைமடை வருமா என்று காத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைக் கிராமத்துக்கு அருகிலேயே, தாழ்வான இடத்தில் தேக்கி உறைய வைத்தார். தாழ்வான இடம் என்பதால் அந்தப் பனி முன்கூட்டியே உருகும். 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதைவிட என்னைக் கவர்ந்தது அங்குள்ள ‘சுர்பொன்’. ‘சு’ என்றால் தண்ணீர். யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று பார்ப்பதற்கு ஊரே ஒருவரை நியமிக்கிறது. நம் ஏரிப் பாசன ஊர்களில் இருந்த நீர்க்கட்டி போலத்தான். ஒரு பெரியவர் என்னிடம், “உங்கள் ஊரில் தண்ணீருக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டார். மேட்டூர், பொதுப்பணித்துறை, நீதிமன்றம் என்று அடுக்கினேன். “அது சரி, உங்கள் தெருவில்?” என்றார். எனக்குப் பதில் இல்லை.

போன கோடையில் நம் மூன்றாம் தெருக் கடைசி வீடுகளுக்கு வாரக்கணக்கில் குடம் தண்ணீர்கூட ஏறவில்லை. முன்வீடுகளில் மோட்டார் போட்டு உறிஞ்சினோம். அதில் நானும் ஒருவன். இந்த ஏப்ரல், மே இரண்டு மாதமும் தெருவுக்கு ஒருவர், வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்வோம். அவர் சொல்லும் நேரத்துக்கு வெளியே யாரும் மோட்டார் போடக்கூடாது. முதல் வாரத்துக்கு என் வீட்டை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பெயர்களைச் செயலாளரிடம் நீங்கள் கொடுங்கள்.