பூட்டியவர் எடை பார்க்கட்டும்!

(ஞாயிறு மாலைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மறியல் செய்ததற்காகப் பதினைந்து நாள் சிறையிலே இருந்துவிட்டு வந்தவனை மேடையிலே ஏற்றினால் என்ன பேசுவான்? கொசுக்கடியைப் பேசுவான், கொட்டடியைப் பேசுவான், தன் தியாகத்தைத் தானே தராசிலே நிறுத்துக் காட்டுவான். நான் அதற்கு வரவில்லை. சிறையிலே ஒரு மனிதனின் உடலைத் தராசிலே நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன்.

எங்கள் கொட்டடியிலே ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். வயது நாற்பதுக்குள். எட்டு மாதமாக விசாரணைக் கைதி. அவர் குற்றவாளி என்று எந்த நீதிபதியும் இதுவரை சொல்லவில்லை. இல்லாத மனிதர் பேசுவது காதிலே கேட்கும் மனச்சிதைவு நோய் அவருக்கு. இரவுதோறும் ஒலான்சபின் மாத்திரை கொடுத்தனர். குரல்கள் ஓய்ந்தன, உறக்கம் வந்தது. நல்லது! ஆனால் குரல்கள் ஓய்ந்த இடத்திலே வயிறு பேசத் தொடங்கிற்று. தன் தட்டை வழித்துவிட்டு அடுத்தவர் தட்டைப் பார்ப்பார். வந்த நாளிலே அணிந்திருந்த சட்டையை எடுத்து என்னிடம் காட்டினார். பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி! இரவிலே நாலு முறை, ஐந்து முறை எழுவார். பானைத் தண்ணீரைக் காலி செய்வார், மறுபடியும் கழிப்பிடம் போவார். உறக்கம் கெட்டவர்கள் ஏசினர். வார்டர் அதட்டினார். "பைத்தியம் தண்ணியா குடிக்குது" என்று சிரித்தனர். வெட்கத்தோடு சொல்கிறேன், முதல் நாள் நானும் சிரித்தேன்.

பைத்தியமா தண்ணீர் கேட்டது? சர்க்கரையல்லவா கேட்டது! மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் இரத்தத்தைப் பார்த்தார்கள். அந்த எட்டு மாதத்திலே ஒருநாளாவது எடை பார்த்தார்களா என்று முன்னமே அவரைக் கேட்டிருந்தேன். "எதுக்குங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எதற்கு? சொல்கிறேன். நான் மருத்துவம் படித்தவனல்லன். கல்லூரியையே பாதியிலே விட்டவன். ஆனால் இதை அறிய மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. 1952-ல் பாரிசிலே, குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர் டிலே, டெனிக்கர் என்ற மருத்துவர்கள். அறிவியலின் அருங்கொடை அது. பின்னர் குளோசபின் வந்தது, 1990-களிலே ஒலான்சபின் வந்தது. பசி அடங்கிற்று என்று மூளைக்கு உணர்த்தும் வழிகளிலே சிலவற்றை இவை அடைத்துவிடுகின்றன. உண்டவன் உண்டதை உணர்வதில்லை. எடை ஏறுகிறது, கொழுப்பு ஏறுகிறது, இன்சுலினின் வேலை கெடுகிறது. எல்லா மாத்திரையும் ஒரே அளவிலே இதைச் செய்வதில்லை. குளோசபினும் ஒலான்சபினும் முன்வரிசை, ரிஸ்பெரிடோன் நடுவரிசை, அரிபிப்ரசோல் கடைவரிசை. கடும் மனநோய் உடையவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலே பெரும்பங்கு தற்கொலைக்கு அல்ல; இதய நோய் போன்ற உடல் நோய்களுக்கே!

இதைக் கேட்டுவிட்டு, வீட்டிலே மாத்திரை சாப்பிடும் அண்ணனிடமோ தங்கையிடமோ போய், "நிறுத்திவிடு, அந்தப் பேச்சாளன் சொன்னான்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பழியை நான் ஏற்கமாட்டேன். மாத்திரை வேண்டும், அதோடு அளவுகோலும் வேண்டும். அதுதான் என் வாதம்.

அளப்பது எப்படி? 2004-ல் அமெரிக்க நீரிழிவு மருத்துவரும் மனநல மருத்துவரும் கூடி உட்கார்ந்து ஒரு முறை வகுத்தார்கள். மருந்தைத் தொடங்குமுன் எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார். 4, 8, 12-ஆம் வாரங்களிலே எடையைப் பார். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார். 12-ஆம் வாரம் அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் மீண்டும் பார். நம்மவர் உடலிலே ஆணின் இடுப்பு 90 சென்டிமீட்டரையும் பெண்ணின் இடுப்பு 80-ஐயும் தாண்டினாலே எச்சரிக்கை. வெறும் வயிற்றிலே 100-க்குக் கீழ் இருக்கவேண்டிய சர்க்கரை 126-க்கு வந்தால் நீரிழிவு. எடை ஏறுகிறதென்று நாலாவது வாரமே தெரிந்தால் மருத்துவர் மருந்தை மாற்றலாம், மெட்பார்மின் சேர்க்கலாம். தையற்காரர் கழுத்திலே தொங்கும் நாடா தோழர்களே, அதன் விலை என்ன? சிறைக் கதவிலே தொங்கும் பூட்டின் விலை என்ன?

வெளியே இருப்பவனுக்குச் சட்டை இறுகினால் மனைவி சொல்லுவாள். சந்தை வரை நடப்பான், ஒரு கவளம் குறைப்பான், மருந்துக்கடை ஓரத்திலே நாணயம் போட்டு எடை பார்ப்பான். உள்ளே இருப்பவனுக்கு? சோறு விதிப்படி, நடை பூட்டுப்படி! இரத்தம் எடுக்கவேண்டிய காலையிலே வாய்தா இருக்கும். வழிக்காவலர் விடியுமுன்பே அழைத்துப்போவர். வேறு சிறைக்கு மாற்றினால் ஆள் போவான், அவன் மருத்துவச் சீட்டு போகாது. வெறும் வயிறு வாய்க்கவில்லையா? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை இருக்கிறதே, அதற்குப் பட்டினி தேவையில்லையே! மனம்தான் இல்லை.

"குற்றவாளிக்கா இவ்வளவு உபசாரம்?" என்று கேட்கிறார்கள் சிலர். நீதிமன்றம் ஆண்டுக்கணக்கிலே தண்டனை விதிக்கும். எந்த நீதிமன்றமாவது "மூன்றாண்டுக் கடுங்காவல், அதோடு நீரிழிவு" என்று தீர்ப்பு எழுதியதுண்டா? அதுவும், 2022-ம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளிலே இருந்தவர்களில் நாலில் மூவர் தீர்ப்பே பெறாதவர்கள்! வெளியே கிடைக்கும் தரத்திலேயே சிறையிலும் மருத்துவம் கிடைக்கவேண்டும் என்கிறது, மண்டேலா பெயரால் ஐ.நா. மன்றம் 2015-ல் ஏற்ற விதிகளிலே 24-ஆவது விதி.

நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 103. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலாவது, அதன் மருத்துவப் பிரிவிலே மனநல நிலையம் இருக்கவேண்டும் என்கிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. "இந்தச் சிறையிலே மனநோயாளி எவருமில்லை" என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சான்றளித்து வாரியத்துக்கு அனுப்பவேண்டுமாம்! நாடகம் எழுதுகிறவன் நான். இப்படியொரு காட்சியை எழுதத் துணியமாட்டேன். ஒரு கையிலே மாத்திரைப் பதிவேடு, மறு கையிலே "எவருமில்லை" என்ற சான்றிதழ்! நோயாளியைச் சிறையிலே வைத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்பச் செய்வதுதான் சட்டத்தின் நோக்கம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஏட்டிலே இல்லாத மனிதனுக்கு யார் எடை பார்ப்பார்?

ஆகவே கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். எவர் பெயரையும் கேட்காதீர்கள்; நோயாளியின் அந்தரங்கம் நமக்கு வேண்டாம். இந்த மாவட்டச் சிறையிலே மனநோய் மாத்திரை பெறுவோர் எத்தனை பேர், கடந்த ஓராண்டிலே அவர்களிலே எத்தனை பேருக்கு எடையும் சர்க்கரையும் பார்க்கப்பட்டன, எந்தெந்தத் தேதியிலே? இவ்வளவுதான் கேள்வி. முதல் மனுவை நேற்றிரவே எழுதிவிட்டேன். இதோ சட்டைப் பையிலே இருக்கிறது. நாளைக் காலை அஞ்சலகம் திறந்ததும் தபாலிலே சேர்த்துவிட்டுத்தான் ஊருக்குப் புறப்படுகிறேன்.